வாய்க்கால் வளைந்த இடம்

எங்கள் அண்ணி சேற்றில் நடப்பதைப் பார்த்தால் கன்று நடும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சிரித்துவிடுவார்கள். வெட்டவெளிச் சதுப்பு. நேராகப் போனால் பத்து எட்டு. அண்ணி போகமாட்டார். ஓரமாகப் போய், ஒரு மூலையில் திரும்பி, சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் வருவார். அண்ணன் கட்டிய வீடு அங்கேதான் இருந்தது. இப்போது ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. ஆனாலும் இல்லாத சுவரைத் துளைத்துக்கொண்டு போக அவருக்குக் கால் வராது.

கடல் ஏறி வந்த அன்று அண்ணன் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தான். படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான், குடும்பத்துக்கே தெரிந்த கதை. அண்ணி தையல் ஆலையில் இருந்தார். அவனை எழுப்ப வீட்டில் ஆளில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மிஞ்சியவர்களுக்கு மேட்டில் தகர வீடுகள் கொடுத்தார்கள். கடலைச் சூடேற்றிய புகைக்கூண்டுகள் எங்கேயோ இருக்கின்றன, நஷ்டம் மட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. அதற்கு நியாயம் கேட்டு, வீடிழந்தவர்களுக்கான எங்கள் அமைப்பு ஒரு பக்கம் வழக்கு நடத்துகிறது. மறுபக்கம், எங்களைப் போன்ற பெண்களைச் சேர்த்து, மூழ்கிப்போன குடியிருப்பை அலையாத்திக் காடாக்குகிறது. அடுத்த அலை வந்தால் மேட்டு வீடுகளுக்கு முன்னால் நிற்க அந்தக் காட்டைத் தவிர வேறு நாதியில்லை.

அண்ணி கெட்டிக்காரி. சாய்ந்த கன்றை நிமிர்த்தும்போது, "நேரா நில்லுடி, இந்த வயசுல உனக்கென்ன முதுகுவலி?" என்று அதட்டுவார். நாங்கள் சிரிப்போம். ஆனால் வீடு இருந்த இடம் நெருங்கியதும் அவர் குரல் இறங்கிவிடும்.

"மெதுவா பேசுங்க. அவரு தூங்குறாரு."

முதல்முறை கேட்டபோது சுற்றும்முற்றும் பார்த்தேன். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது, வாய் மட்டும்தான் நீளம். அந்த வாயையும் அங்கே வந்தால் மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். கொஞ்ச நாளில் மற்ற பெண்களும் மூலையில் திரும்பி, சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அப்படி நடக்க யாரும் சொல்லவில்லை.

கன்று பிழைக்க அலைநீர் வந்து வந்து போக வேண்டும், தேங்கினால் வேர் அழுகிவிடும். அதற்காக வாய்க்கால் வெட்ட அளவுக்காரர் நேராகக் கயிறு கட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே கயிற்றை அலை கொண்டுபோனது. நாங்கள் தினமும் நடக்கும் தடத்தை ஒட்டி வெட்டி முடித்துவிட்டோம்.

அடுத்த முறை வந்த அளவுக்காரர் கரைமேல் ஏறிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்னம்மா இது? ஏதோ கட்டடத்தைச் சுத்திக்கிட்டுப் போற மாதிரில்ல வெட்டி வச்சிருக்கீங்க?"

திருப்பங்களில் வண்டல் படிந்து தண்ணீர் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் கன்றுகள் மஞ்சளாகித் தொங்கின.

"நேரா வெட்டி விடலன்னா அந்தப் பக்கம் மொத்தமும் போயிடும்" என்றார்.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணி, அண்ணன் போயிட்டான். மேட்டுல பிள்ளைங்க இருக்குதுங்க. அதுங்களுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

"மறுபடியும் அவரு தூங்கும்போது தண்ணிய உள்ள விடச் சொல்றியா?"

எனக்கும் அவன் அண்ணன்தானே. வீட்டுக்குப் போய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அண்ணி வேலைக்கு வந்தார். வீடு இருந்த இடத்தின் குறுக்கே, எங்களை இரண்டு பக்கத்திலிருந்தும் நேராக வெட்டச் சொன்னார். வெட்டினோம். கடைசியில் முழங்கால் உயர மண்தடுப்பு ஒன்றுதான் பாக்கி. அதற்கு வெளியே அலைநீர் ஏறிக்கொண்டிருந்தது.

"நான் சொல்ற வரைக்கும் வெட்டாத" என்று மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாசல் இருந்த பக்கமாக உள்ளே போனார். ஒரு மூலையில் குனிந்து, யாரையோ தொடுவது போலக் கையை நீட்டினார்.

"என்னங்க... எந்திரிங்க. தண்ணி வருது."

சற்று நின்று, இன்னும் சத்தமாக, "எந்திரிங்க, வெளிய வாங்க" என்றார்.

"எந்திரிண்ணே!" என்று ஒரு குரல் கேட்டது. கத்தியது நான்தான்.

படுத்திருந்த ஆள் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், நாங்கள் எல்லோரும் விலகி வழிவிட்டு நின்றோம். பிறகு அண்ணி, "வெட்டு" என்றார்.