தூருன் சொல்லாமல் விட்ட இரண்டு மாதம்

எங்கள் பள்ளத்தாக்கில் பால் லாரி ஓட்டுகிறவள் தூருன். நாற்பதைத் தாண்டியவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுடைய டேங்கர் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் வந்து நிற்கும். பால் அறைக்குள் போவாள், தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள், மாதிரி எடுப்பாள், குழாயை மாட்டுவாள். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு உறைபனியில் அவ்வளவு பெரிய வண்டியைப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். வண்டி ஓட்டுகிற லாவகத்துக்காக ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே மகள் இல்வாவுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்பும், இரண்டு முறை வெளியே போகும் என்கிற ரகம் இல்லை. ஒரு சொட்டு உள்ளே போனால் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுவிடப் பார்க்கும். மாட்டை விட்டால் பிழைப்பில்லாத ஊரில், அதுவும் பால் லாரிக்காரி வீட்டில், இப்படி ஒரு பிள்ளை. தூருன் வேலை முடிந்து வந்தால் கார் ஷெட்டிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டு, தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்வதற்கு அதுவரை காத்திருக்க வேண்டும்.

இல்வா முதல் வகுப்பில் சேர்ந்த இலையுதிர் காலத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. வகுப்புப் பெற்றோரெல்லாம் ஒரு மாலை பள்ளியில் கூடினார்கள். மேல்பண்ணை ஹல்வார் வாஃபிள் சுடும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நாற்பது மாடு வைத்திருக்கிற மனுஷர், தங்கமான குணம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, டவுனுக்குப் போய் லாக்டோஸ் இல்லாத பாலும் லாக்டோஸ் இல்லாத வெண்ணெயும் வாங்கிவந்து, தனி மாவு கரைத்து, தனியாகச் சுட்டார். சுட்டதை அவரே தட்டில் வைத்து நீட்டினார்.

"இந்தா கண்ணு, இது உனக்குன்னே சுட்டது. வேற யாரும் தொடக்கூடாது."

ஆறு வயசுப் பிள்ளை. இவ்வளவு அன்பாக ஒருவர் கொடுத்தால் வாங்கித் தின்னாமல் என்ன செய்யும்? பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. பிள்ளை பிழைத்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்ற ஹல்வாரிடம் தூருன் கத்தவில்லை.

"லாக்டோஸ்ங்கிறது பால்ல இருக்கிற சர்க்கரை, ஹல்வார். அத எடுத்துட்டாலும் பால் பால்தான். இவள அடிக்கிறது அந்தச் சர்க்கரை இல்ல, பாலோட புரதம்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் அடுப்பு மூட்டி யாருக்கும் எதுவும் சுட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அன்றிலிருந்து தூருன் அந்த வகுப்புக்குத் தளபதியானாள். ஆண்டுதோறும் பள்ளி திறந்த வாரமே பெற்றோரை உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து, மூச்சடைத்தால் குத்துகிற அட்ரினலின் பேனா மாதிரியே இருக்கும், ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுவாள். மூடியை இழு, தொடையில் குத்து, பத்து எண்ணு. பண்ணைக்காரர்களும் வங்கிக்காரர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கள் தொடையில் தாங்களே குத்திக்கொள்வார்கள்.

"நல்லா கேட்டுக்கோங்க" என்பாள். "புள்ள 'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லும், நம்பாதீங்க. நானே ஓடிவந்து வேணாம்னு அழுதாலும் காதுல வாங்காதீங்க, பயத்துல எனக்குப் புத்தி பேதலிச்சிருக்கும். முதல்ல ஊசி. அப்புறம் ஃபோன். பேச்செல்லாம் அதுக்கப்புறம்."

ஊசியை ஊர் ஏற்றுக்கொண்டது. சாப்பாட்டு விதிதான் தொண்டையில் சிக்கியது. வகுப்புக்குள் வெண்ணெய் கூடாது, தாவர எண்ணெயில் செய்த மார்கரின்தான்; பழுப்புச் சீஸ் கூடாது. பால் குடிக்கிற பிள்ளைகள் வராந்தாவில் குடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வர வேண்டும். பழுப்புச் சீஸ் இல்லாத ரொட்டிப் பொட்டலத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதுவரை கண்டதில்லை. முடி வெட்டும் கடை வைத்திருக்கிற பெரித் என்பவள்தான் பெற்றோர் குழுத் தலைவி. அவள் கணவன் வீட்டிலும் மாடு உண்டு. கடையில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிக் கேட்பாள்:

"நம்ம மாட்டுப் பால லாரியில ஏத்திட்டுப் போறவ, நம்ம புள்ளைக்கு மார்கரின் தடவிக் குடுங்கிறா. எங்கயாவது உண்டா இது?"

இது தூருன் காதுக்குப் போகாமல் இருக்குமா? பால் அறைகளில் எல்லாக் கதையும் வந்து சேரும். ஊர் முழுக்கத் தன்னை வேண்டாவெறுப்பாகச் சகித்துக்கொள்கிறது என்றே அவள் முடிவுகட்டியிருந்தாள்.

இந்த ஆண்டு பிப்ரவரிக் கூட்டத்தில் பெரித் எழுந்தாள். "இல்வாக்குப் பத்து வயசாச்சு. எதத் தொடணும், எதத் தொடக்கூடாதுன்னு அவளுக்கே தெரியும். சீஸ மட்டுமாவது விட்டுக்குடு, தூருன்."

தூருன் முதலில் வாதாடினாள். பிறகு குரலை உயர்த்தினாள். அப்புறம், யாருமே எதிர்பார்க்காதபடி, எல்லார் முன்னாலும் உடைந்து அழுதாள். அந்தப் பனிக் குளிரிலும் கலங்காமல் லாரி ஓட்டுகிறவள் மேசையில் முகம் புதைத்து அழுததை ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஹல்வார் எழுந்து, "விதி அப்படியே இருக்கட்டும்" என்றார். பெரித்தும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி விடு. மார்கரினையே தின்னு தொலைக்கட்டும்" என்று முடித்துக்கொண்டாள்.

மார்ச்சில் நகரத்து ஆஸ்பத்திரியில் இல்வாவுக்குப் பரிசோதனை. பக்கத்தில் ஊசியும் ஆக்சிஜனும் தயாராக வைத்துக்கொண்டு முதலில் ஒரு சொட்டுப் பால் கொடுத்தார்கள். காத்திருந்தார்கள். பிறகு ஒரு கரண்டி. சாயங்காலத்துக்குள் இல்வா ஒரு முழு டம்ளர் பாலைக் குடித்துவிட்டிருந்தாள். உதட்டில் வெள்ளை மீசையோடு திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது இனிக்குது! நீ சொல்லவே இல்ல?"

ஒவ்வாமை போய்விட்டது என்றார் டாக்டர். சில பிள்ளைகளுக்கு வயதோடு போய்விடுமாம். இனி தினமும் கொஞ்சமாவது பால் உள்ளே போக வேண்டும், நிறுத்தக் கூடாது என்றார். தூருன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. மலைப்பாதையில் ஊர் திரும்பும்போதுதான் அந்த நினைப்பு வந்து குந்தியது. பிப்ரவரியில் அழுது வாங்கியதை மார்ச்சில் போய் எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒன்றுமில்லாததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்க மாட்டார்களா? அவள் அழுததே நாடகம் என்று கடையில் பேச மாட்டார்களா?

வடகடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை பார்க்கிற அவள் கணவன் யூஸ்தைன் போனில் கேட்டான்: "ஸ்கூல்ல சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"எப்போ?"

"இன்னும் கொஞ்சம் நிச்சயமாகட்டும். திரும்பி வந்துடுச்சுன்னா?"

"டாக்டர விடவா உனக்கு நிச்சயம் வேணும்?"

"இங்க இருந்து இந்த மூஞ்சிங்கள பாக்குறது நீயா நானா?" என்று அவள் வைத்துவிட்டாள்.

அதனால் இல்வா வீட்டில் பால் குடித்தாள், பள்ளியில் குடிக்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அம்மா கட்டளை. கோடை விடுமுறைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அப்போது எல்லாரும் பழசை மறந்திருப்பார்கள் என்று தூருன் கணக்குப் போட்டிருந்தாள்.

இடையில் வந்தது மே பதினேழு, எங்கள் நாட்டின் தேசிய நாள். காலையில் மகளுக்குப் பாரம்பரிய உடுப்பை மாட்டி, மார்பில் வெள்ளி அலங்கார ஊசியைக் குத்திக்கொண்டிருந்தபோது இல்வா கேட்டாள்:

"இன்னைக்கு கிரீம் கேக் சாப்பிடலாமா?"

"வீட்ல செஞ்சு தரேன்."

"வீட்ல இல்ல. அங்க. எல்லாரோடயும்."

"அங்க வேண்டாம்."

"அப்ப எப்போம்மா?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்ல எவன் கேக் வெட்டுறான்?" என்றாள் இல்வா. தாயின் வாய் பிள்ளைக்கும் வாய்த்திருந்தது.

ஊர்வலம் முடிந்தது. வாத்தியக் குழு ஊதி ஓய்ந்தது. பள்ளி முற்றத்தில் நீள மேசை நிறையக் கேக்குகள், பெரிய பாத்திரங்களில் காப்பி. இல்வா படிக்கிற ஐந்தாம் வகுப்பின் பெற்றோருக்குத்தான் இந்த வருஷம் பரிமாறும் முறை. இல்வா கையில் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா இருந்தது. அதைப் பெஞ்சில் வைத்தாள். நேராக மேசைக்குப் போனாள். கிரீமும் ஸ்ட்ராபெர்ரியும் ஏறிய துண்டை இரண்டு கையாலும் தூக்கி, ஒரே கடியில் பாதியை வாய்க்குள் திணித்தாள்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஹல்வார் அதைப் பார்த்தார். காப்பிப் பாத்திரம் ஒரு பக்கம் விழுந்தது, அவர் மேசையைத் தாண்டி மறுபக்கம் விழுந்தார். விழுந்த வேகத்தில் பிள்ளையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுக் கேக்கைத் தோண்டினார். இல்வா அலறிக்கொண்டே அவர் விரலைக் கடித்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் பேச ஆரம்பித்திருந்தார்கள், பள்ளியின் பெயர், பிள்ளையின் வயது, எடை எல்லாம் தடுமாறாமல். யாரோ மற்ற பிள்ளைகளை விலக்கி மைதானத்தில் ஹெலிகாப்டருக்கு இடம் பண்ணினார்கள். பெரித் இடுப்பில் தொங்கிய வெள்ளிப் பிடிப் பையைத் திறந்தாள். உள்ளே உதட்டுச் சாயமும் கைக்குட்டையும் இல்லை, பள்ளியின் அட்ரினலின் பேனா இருந்தது. அதை எடுத்துவரும்படி அவளை யாரும் கேட்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள் தூருன். "வேண்டாம், குத்தாதே!"

ஒருவரும் காதில் வாங்கவில்லை. அப்படித்தானே அவள் பழக்கியிருந்தாள். பெரித் தன் பட்டுப் பாவாடையோடு மண்ணில் முட்டி போட்டு, இல்வாவின் காலைத் தன் காலால் அமுக்கி, மூடியை இழுத்துவிட்டாள். தூருன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தள்ளிப் போ, தூருன்! உனக்குப் புத்தி பேதலிச்சிருக்கு!"

"அவளுக்குச் சரியாயிடுச்சு! மார்ச்சுலயே சரியாயிடுச்சு! டாக்டரே சொல்லிட்டாங்க, தினமும் பால் குடிக்கிறா!"

ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவர் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லி வைத்தார். ஹல்வார் மெல்லப் பிள்ளையை விட்டார். இல்வா அழுதுகொண்டே, வாயில் மிச்சமிருந்ததை மென்று விழுங்கினாள். முகம் வீங்கவில்லை.

"மார்ச்சுலயா?" என்றாள் பெரித்.

"மார்ச்சுல." இப்போது விழப்போகிறது அடி என்று தூருன் தோளைக் குறுக்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும், உங்க புள்ளைங்கள சும்மா மார்கரின் தின்ன வச்சிட்டேன்..."

"மார்கரின் நாசமாப் போகட்டும்!" பெரித் மூடியைப் பேனாவில் திரும்பச் செருகினாள். "போன மாசம் நீச்சலுக்கு வகுப்பக் கூட்டிட்டுப் போனது யாரு? நான். பஸ்ல முன் சீட்டுல ஒரு பய ஐஸ்கிரீம் தின்னான். ரெண்டு மணி நேரம் உன் பொண்ணு உதட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், வீங்குதா வீங்குதான்னு. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன், தெரியுமா? அப்பவே அவ நல்லாத்தான் இருந்தாளா?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? சீஸுக்கா பயந்தே?"

ஹல்வார் மேசையைப் பிடித்து எழுந்தார். கடிபட்ட விரலில் ரத்தமும் கிரீமும் கலந்திருந்தன. அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தூருனுக்குத் தாங்கவில்லை.

"உன் லாரிச் சத்தம் கேட்டாலே அந்த ஹெலிகாப்டர்தான் என் கண்ணுல வந்து நிக்கும், தூருன். அந்த வாஃபிள் சுட்ட நாள்லேர்ந்து. ஒவ்வொரு தடவையும். மார்ச்சுலேர்ந்து அது இல்லாம இருந்திருப்பேனே."

அவர் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அவருடைய வாசலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் நின்றிருக்கிறாள் தூருன். ஒரு தடவைகூட அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பயம் தன் ஒருத்திக்குத்தான் என்று நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடு, பெரித்."

"இன்னைக்கு எங்கிட்ட பேசாத. நாளைக்குக் கடைக்கு வா, திட்டித் தீத்துக்கறேன்" என்றாள் பெரித், பாவாடையைத் தட்டிக்கொண்டே.

இல்வா மூக்கை உறிஞ்சினாள். அம்மாவிடம் கேட்கவில்லை, பெரித்திடம் கேட்டாள்: "நான் இன்னொரு துண்டு எடுத்துக்கட்டுமா?"

பெரித் கண்ணைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். பெரிய துண்டாகவே வெட்டி வைத்தாள். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. நல்லாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும், டாக்டர் சொன்னதையும் கேட்டாயிற்று. ஆனாலும் அத்தனை பெற்றோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு காலியாகும்வரை ஒருவரும் உட்காரவில்லை. தூருனும் போய் அவர்களோடு நின்றாள்.