பதினைந்து சென்ரிமீற்றர்

இந்த நாட்டில் இன்னும் விழாத பனியை அடிமட்டம் வைத்து அளக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவில் இருக்கிறேன். எனக்கு இது இன்னும் பழகவில்லை. வானத்தில் ஒரு பொட்டு முகில் இருக்காது. தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்த முகத்துடன் வந்து, நாளைக்கு முப்பது சென்ரிமீற்றர் என்பாள். கைத்தொலைபேசி எட்டு என்னும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்து வாசலில் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

எனக்கு அப்படிப் போக முடியாது. என் மனைவி ராணிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரம் அவளுடைய இரத்தத்தைக் கழுவி, உடம்பில் தேங்கும் நீரை எடுத்துவிடுகிறது. மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். நாலு குளிர்காலமாக நான்தான் சாரதி, நான்தான் வானிலை அவதானி. உண்மையைச் சொன்னால், களைத்துப்போனேன்.

எனக்குத் தெரிந்த வானிலைக் கணக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது. அங்கே அது வானிலைக்கானதும் அல்ல. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவால் விளக்குக்குப் பதிலாக வானொலியை இயக்குவோம். சுற்றுவது நான். சண்டையில் செத்தவர்களின் கணக்கைக் கொழும்பு வானொலி ஒன்று சொல்லும், போராளி இயக்கத்தின் வானொலி இன்னொன்று சொல்லும். இரண்டையும் அப்படியே விழுங்குகிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. பெரிய எண்ணைப் பாதியாக்கு, சின்ன எண்ணை இரட்டிப்பாக்கு, நடுவிலே பிடி. இன்றைக்கே வீட்டை விட்டு வெளிக்கிடுவதா, நாளைக்கா என்பதெல்லாம் அந்த நடுவில்தான் முடிவாகும். இரண்டு தடவை அந்தக் கணக்கு எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. உயிரைக் காப்பாற்றிய கணக்கை மனுசன் லேசில் விடுவானா?

போன மாதம் ஒரு புதன்கிழமை, மறுநாளுக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. தொலைக்காட்சி முப்பது என்றது, பாதி பதினைந்து. கைத்தொலைபேசி எட்டு, இரட்டித்தால் பதினாறு. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. பதினைந்து என்றால் என்னுடைய காரும் குளிர்கால ரயர்களும் சமாளிக்கும். அந்தப் பெண் ஏரியின் படத்தைக் காட்டி வேறு ஏதோவும் சொன்னாள். புயல் ஏரியை ஒட்டி வந்தால் முப்பதுக்குக் குறையாது, கொஞ்சம் தெற்கே விலகினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாள். கேட்டேன், மனதில் எடுக்கவில்லை.

மத்தியானம் டயாலிசிஸ் பிரிவிலிருந்து நர்ஸ் அழைத்தாள். "நாளைக்குப் புயல். இன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு டயாலிசிஸ் கதிரை காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ, நோ, இற்ஸ் ஓகே" என்றேன். தூரத்திலிருந்து வருகிற யாருக்காவது கொடுக்கச் சொன்னேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம் கேட்டால், சரி, அரைக் கோப்பை. நான் அந்த இரண்டாம் கேள்விக்காகத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். "ஓகே தென், ஸ்ரே சேஃப்" என்று அவள் வைத்துவிட்டாள். பதினைந்துதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வியாழன் காலை வாசல் கதவைத் தள்ளினேன், அசையவில்லை. முழங்காலுக்கு மேல் பனி. கார் நின்ற இடத்தில் ஒரு மேடு. பஸ் வரும், அல்லது வராது. அரைவாசிப் பஸ் என்று ஒன்று வருவதில்லை. இந்தப் புயலும் அப்படித்தான், அதற்கு நடு என்று ஒன்று இல்லை. தொலைக்காட்சிப் பெண் அதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்தேன். வெள்ளிக்கிழமை வாருங்கள், தண்ணீரைக் குறையுங்கள், மூச்சு முட்டினால் அம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் இருக்கும் மகன் பிரவீன் தொலைபேசி எடுத்தான். "அப்பா, டோன்ட் ட்ரைவ், ஓகே? ஹைவே எல்லாம் புளொக். என்னால வர ஏலாது. அம்மாக்கு பிரீதிங் எப்பிடி?"

"இருக்கிறா" என்றேன்.

பத்து மணிக்குப் பிறகு ராணியால் சாய்ந்திருக்க முடியவில்லை. சோபாவின் விளிம்பில், முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தாள். "அம்புலன்ஸ் கூப்பிடட்டோ, ராணி? நீர் சொல்லும்" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்லை. ஏன் இந்தச் சினோவுக்குள்ளை ஆக்களை அலைக்கிறீங்கள்?"

நான் அழைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து, பனி அகற்றும் லொறியின் பின்னால் அம்புலன்ஸ் வந்தது. ஒரு பெண்ணும் ஒரு பெடியனும். இரண்டு பேரும் இடுப்புவரை பனியில் வெள்ளை. அந்தப் பெண் ராணியின் விரலில் ஒட்சிசன் அளக்கும் கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். முழந்தாளிட்டு, "நீங்கள் வருவது நல்லது. ஆனால் முடிவு உங்களுடையது. வருகிறீர்களா?" என்று கேட்டாள்.

"நோ, நோ. ஐ ஆம் ஓகே. சொறி" என்றாள் ராணி, சொல்லுக்கு ஒரு மூச்சாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, இந்தப் பிள்ளையளுக்குத் தேத்தண்ணி போடுங்கோவன்."

பெடியன் கையொப்பம் வாங்கும் படிவத்தை எடுத்தான். வர மறுத்தால் அதில் ஒப்பமிட வேண்டுமாம். புதன்கிழமை நான் சொன்ன அதே நோ. "ஆஸ்க் ஹேர் எகெய்ன்" என்றேன்.

"சேர், அவர் பதில் சொல்லிவிட்டார்" என்றான் பெடியன் ஆங்கிலத்தில்.

அது பதில் இல்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது? இருந்த ஆங்கிலமும் போய்விட்டது. "த்ரீ ரைம்ஸ். பிளீஸ். ஆஸ்க் த்ரீ ரைம்ஸ்" என்று கும்பிட்டேன். அழுதேன்; மறைக்கவும் இல்லை.

அந்தப் பெண் என்னையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பவும் கேட்டாள். ராணி வேண்டாமென்று தலையை ஆட்டினாள், ஆனால் முதலிலும் பார்க்க மெதுவாக. மூன்றாம் தரம் அந்தப் பெண் கையுறையைக் கழற்றி ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ராணி அவளுடைய சப்பாத்திலிருந்து கால்மிதியில் வடிந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"பாவம், இவ்வளவு தூரம் வந்திட்டினம்" என்று என்னிடம் சொன்னாள். "சரி, போவம்."

அன்றைக்கு இயந்திரம் அவளிடமிருந்து மூன்று லீற்றருக்கு மேல் நீரை எடுத்தது. இன்னும் சில மணித்தியாலம் தாமதித்திருந்தால் என்ற வசனத்தை வைத்தியர் முடிக்கவில்லை. புதன்கிழமை அழைத்த நர்சும் அங்கேதான் நின்றாள். "நான் உங்களுக்குக் கதிரை தந்தேனே" என்றாள், கோபமில்லாமல். ஒருக்காத்தானே கேட்டாய் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த புயலுக்கு அவள் அழைத்தபோது, கேள்வி முடியமுதலே யெஸ் என்றேன். எத்தனை சென்ரிமீற்றர் என்றும் பார்க்கவில்லை. ஒரு நாள் முந்திப் போய் ராணியைக் கதிரையில் இருத்தினேன். அந்தப் புயல் தெற்கே விலகிப் போய்விட்டது, ஒரு துகளும் விழவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

இயந்திரம் ஓடும்போது ராணிக்கு எப்போதும் குளிரும். சூடாக்கிய போர்வை வேண்டுமா என்று நர்ஸ் கேட்டாள். "நோ, தாங்க் யூ" என்றாள் ராணி. நர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த கதிரைக்குப் போனாள். ராணி அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டாம் கேள்விக்காக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எழும்பி, "யெஸ், யெஸ், பிளீஸ்" என்று நர்சின் பின்னால் நடந்தேன். இப்போது இதுதான் என் வேலை, இரண்டு பேருக்கும் நடுவில்.

போர்வையைக் கொண்டுவந்து விரித்தேன்.

"நான் வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்" என்றாள் ராணி. சொல்லிக்கொண்டே அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.