புன்னக்காயல் சாப்பாட்டுக் கடை

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் கடையைத் தெரியும். வாசல் பலகையில் 'புன்னக்காயல் சாப்பாட்டுக் கடை' என்று அப்பா எழுதி வைத்திருந்தார். பிழைக்க வந்தவருக்குச் சொந்த ஊர்மேல் அப்படி ஒரு கிறுக்கு. சுவரில் பழைய வலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். சோறு போடும்போதே கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். சாப்பிட வந்தவன் குழம்புக்காக இலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

அந்த ஊர்க் குழம்பை வைத்தது நான். கடைக்குப் பின்னாலேயே பிறந்தவள். அம்மா போனபின் குசினி என் தலையில் விழுந்தது. கடலை நான் பார்த்ததே கிடையாது. உப்புப் போட்ட மீன் அங்கிருந்து மாட்டுவண்டியில் வரும். திரும்பிப் போகிற வண்டியில் என்னையும் ஏற்றிவிடச் சொன்னால், "ஏட்டி, நீ போயிட்டா உலை யாரு வைப்பா?" என்பார் அப்பா. எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒருநாள் புன்னக்காயலிலிருந்தே பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். கல்யாணம் ஆனால் நான் அந்த ஊருக்கு; கடைக்கு அத்தையை வரவழைத்துக்கொள்வதாக அப்பாவும் ஒப்புக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று தேங்காயை வெண்ணெயாக அரைத்தேன். அன்றைக்கு அமைந்ததுபோல் எனக்குக் குழம்பு என்றும் அமைந்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா முதல் வாயிலேயே நிறுத்தினாள். "எங்க மாமியா வச்ச குழம்பு மாதிரில்லா இருக்கு" என்றாள். மாப்பிள்ளை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மாமா, கல்யாணத்துக்குப் பெறவு நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். கடலும் காத்தும் போதும்னு ஆயிட்டு. ஊர்ச் சோறு இங்கனயே கிடைக்குது, அங்கன போயி என்ன செய்ய?"

"அதுவும் நல்லதுதான். பிள்ளை கரையில கிடக்கட்டும்" என்று அவர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தலைகால் புரியாமல் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை ஒருவரும் கேட்கவில்லை. என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். மாதாவே, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டிருக்கக் கூடாதா.

கல்யாணம் முடிந்து, மறுபடி அதே அடுப்பு. ஒருநாள் விறகு பிளந்துகொண்டிருந்தவரிடம், கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"அங்க என்ன இருக்கு, தண்ணிதான்" என்றார். "குழம்பு பொங்குது, பாரு."

பார்த்தேன். இன்றுவரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.