எல்லையில் கூட்டாத பத்தடி

காடாம்புலியூரில் அப்பா விட்டுப்போன முந்திரிக் காட்டில் தெற்குப் பாதி எனக்கு, வடக்குப் பாதி தம்பிக்கு. புயல் பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் படுக்க வைத்துவிட்டுப் போனது. தம்பி விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, ஒட்டுக்கன்று நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தான். நான் கடலூரில் ஆபீஸைக் கட்டிக்கொண்டு அழுதவள். என் பங்கில் கொஞ்சம் கன்று வைத்தேன். அவன் எல்லையை ஒட்டிய அரை ஏக்கரில் விழுந்த மரங்கள் விழுந்தபடியே கிடந்தன.

முதலில் அது வெறும் சோம்பேறித்தனம்தான். பிறகு அங்கே காரையும் சூரையும் புதராக மண்டின. முயல் வந்தது, கீரி வந்தது, கௌதாரிகள் விடிந்ததும் கத்த ஆரம்பித்தன. அதற்குப் பிறகே என் சோம்பேறித்தனத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்தேன். வேலி போட்டேன். கண்ணி வைக்க வந்தவர்களோடு தெருச்சண்டை போட்டேன். கோடையில் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பினேன்.

"உன் ஜூவுக்கு டிக்கெட் எவ்ளோக்கா?" என்பான் தம்பி.

எங்கள் பக்கத்தில் கொட்டை விழும் முன்பே மரத்தடிச் சருகைக் கூட்டிவிடுவார்கள். விழுந்த கொட்டை கண்ணில் படும், நெருப்பும் பரவாது. என் அரை ஏக்கரில் மட்டும் சருகு கணுக்கால் புதையக் கிடக்கும். பறவைக்கு அதுதான் வீடு. ஆனாலும் எல்லையோரம் பத்தடியாவது கூட்டிவிடுவதாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு மாசியிலும் செய்தும் வந்தேன்.

அந்த வருஷம் காய்ச்சலில் படுத்ததால் பங்குனியில்தான் போக முடிந்தது. துடைப்பத்தை வீசிய இரண்டாவது வீச்சில் காலடியிலிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழுந்தது. சருகுக் குழியில் ஆறு முட்டைகள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

தம்பி வந்து பார்த்தான். "இன்னாக்கா, கூட்டலியா?"

"முட்டை வச்சிருக்குடா. ஒரு மூணு வாரம் பொறுத்துக்க. பொரிச்ச அன்னைக்கே குஞ்சுங்க நடந்து போயிடும்."

"தெக்கத்திக் காத்து ஜாஸ்தியா இருக்கு. ஒரு பொறி பட்டா என் மரந்தான் போவும்."

"இத்தினி வருஷமா வராத நெருப்பு இப்பதான் வரப்போவுதா? என் பேச்சக் கேளு."

கேட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

அதிலிருந்து இரண்டாவது ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து காட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோதே போன் வந்தது. பக்கத்துக் காட்டில் யாரோ சருகு கொளுத்த, பொறி என் வேலியைத் தாண்டிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் பச்சைக் கிளையால் அடித்து அணைத்திருந்தார்கள். என் புதர் கரிக்கட்டையாக நின்றது. தீ அந்தப் பத்தடி வழியாகத்தான் தம்பி காட்டுக்குள் போயிருந்தது. எல்லையோரம் மூன்று வரிசை மரங்கள், பூவும் பிஞ்சுமாக நின்றவை, கருகியிருந்தன. எரிந்த முந்திரி எண்ணெயின் நெடி தொண்டையை அடைத்தது.

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் முதலில் ஓடியது அவன் மரங்களிடம் அல்ல, அந்தக் குழியிடம். தாய்ப்பறவை பறந்து போகவில்லை. முட்டைகளின் மேலேயே கருகிக் கிடந்தது. தம்பி வருவது தெரிந்ததும் காலால் சாம்பலைத் தள்ளி மூடினேன்.

முகமெல்லாம் கரியோடு வந்து நின்றான். புருவம் பொசுங்கியிருந்தது. திட்டித் தொலைப்பான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"குஞ்சு பொரிச்சுப் போயிடுச்சாக்கா?" என்று கேட்டான்.

"போயிடுச்சுடா."

"அதுங்களாவது பொழச்சுதுங்களே" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

இப்போதெல்லாம் தை பிறந்ததுமே பத்தடியைக் கூட்டிவிடுகிறேன். கருகிய மூன்று வரிசையில் அவன் மறுபடியும் கன்று நட்டிருக்கிறான். போகிற வருகிறவர்கள் நின்று தீயைப் பற்றி விசாரித்தால், மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. "எங்கக்கா காத்திருந்தது வீண் போவல, குஞ்சுங்க எல்லாம் தப்பிச்சிடுச்சுங்க" என்கிறான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.