மருந்து வாடை என்று சொன்னவன்

பெத்தணன் நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நல்லவன்தான். குடிக்க மாட்டான், சீட்டு ஆட மாட்டான், பதினாறு வருஷமாக ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகிறான். ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. அந்தப் பிந்தாத கிறுக்குத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நான் சம்சு. சிவகாசியில் சாத்தூர் ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். பெத்தணனுடையது எட்டுப் பேர் உட்காரும் பழைய கார். அதில் பன்னிரண்டு பெண்களை அடைத்துக்கொண்டு ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து தினமும் காலையில் கிளம்புவான். முன் சீட்டில், கதவோரமாக, அவன் மனைவி கற்பகவல்லி இருப்பாள். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. பட்டாசு மருந்து கலக்கும் அறையில் பல வருஷம் இருந்தவள். கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த அந்த வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் சேலையை விட்டுப் போகாது. வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் வாசல்படி ஏறக்கூடாது என்பது பெத்தணன் போட்ட சட்டம். அவன் தெருவே பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கமாகப் போவாள்.

ஆடி மாதம் பஞ்சர் ஒட்ட வந்தான். வண்டி உள்ளே நுழையும்போதே முன் சக்கரம் கீச்சென்று கத்தியது.

"ஏலே பெத்தணா, பிரேக் பேடு தேஞ்சு போச்சு. விட்டுட்டுப் போ, சாயங்காலம் எடுத்துக்கிடலாம்."

"சீசன் நேரம் பாய். ஒருநாள் நிறுத்துனா கம்பெனியில வேற வண்டியப் போட்டுருவாக. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டாச்சு. ஆயுதபூசைக்கு மொத்தமாப் பாத்துக்கிடுவோம்."

சாமி விஷயத்தில் நான் வாய் வைப்பதில்லை. ஆனால் இந்த ஆயுதபூஜைப் பேச்சு எங்கள் பக்கத்தில் ஒரு வியாதி. தீபாவளி ஆர்டர் ஓடும் மாதங்களில் எந்த வண்டியும் நிற்காது. எது கத்தினாலும், எது ஒழுகினாலும், எல்லாம் ஆயுதபூஜைக்கு. அன்றைக்கு வண்டியைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவார்கள். ஏறுகிற சக்கரத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவனும் குனிந்து பார்க்க மாட்டான்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், வேலையாட்களோடு வீடு திரும்புகிற வழியில் பிரேக் ஆயில் வாங்க வந்தான். பத்து நாளில் அது இரண்டாவது பாட்டில்.

"எங்கடா போகுது இம்புட்டு ஆயில்? வண்டி குடிக்கவா செய்யுது?" என்றேன்.

"ரெண்டு மிதி சேத்து மிதிச்சாப் பிடிக்குது பாய். வேறொண்ணும் இல்ல."

நானே ஏறி மிதித்துப் பார்த்தேன். சேற்றில் கால் வைத்ததுபோல மிதி கீழே போயிற்று. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சாவியை உருவினேன். அப்போதுதான் முன் சீட்டிலிருந்து கற்பகவல்லி சொன்னாள்.

"அண்ணே, நாலஞ்சு நாளா ஓட்டத்துல கருகுன வாடை அடிக்குது. இது நம்ம மருந்து வாடை இல்ல. சொன்னா இவுக கேக்க மாட்டேங்காக."

பெத்தணன் சத்தம் போட்டுச் சிரித்தான். "அடி இவளே, ஒம்மேல அடிக்கிற வாடைதான் அது! மொதல்ல ஒஞ் சேலைய மோந்து பாரு."

பின்னால் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் வண்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். வண்டி நின்று ஆறிப்போயிருந்தது. கந்தக வாடைதான் வந்தது. நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அயோக்கியன். கற்பகவல்லி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெத்தணன் என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினான். "எக்கேடோ கெட்டுப் போ" என்று விட்டுவிட்டேன். நான் அந்தச் சாவியை விட்டிருக்கக்கூடாது.

ஆயுதபூஜைக்கு ஒன்பது நாள் இருந்தது. காலையில் கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகிற சரிவில் ஒரு டிராக்டர் குறுக்கே வந்திருக்கிறது. பெத்தணன் இரண்டு மிதி அல்ல, நாலு மிதி மிதித்திருக்கிறான். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டியை ஒடித்துச் சரிவின் அடியில் இருந்த பாலத்துச் சுவரில் விட்டான். பின்னால் இருந்தவர்களுக்குக் காயத்தோடு போயிற்று. இடித்தது கதவோரம். கற்பகவல்லியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நொறுங்கிய வண்டியின் சக்கரத்தை நான்தான் கழற்றினேன். பேடு என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. இரும்பும் இரும்பும் உரசி நீலம் பாரித்துக் கிடந்தது. ஆடியிலேயே பேடை மாற்றியிருந்தால் அரை நாள் வேலை. என் வாழ்க்கையில் ஒரு சக்கரத்தைப் பார்த்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்தில் பெத்தணன் பத்து நாள் தாடியோடு நின்றான். என்னைக் கண்டதும் உடைந்துவிட்டான்.

"பாய், சத்தியமா மருந்து வாடைன்னுதான் நெனச்சேன். இவ மேல தெனமும் அடிக்கிறதுதானே."

கற்பகவல்லி என்னைப் பார்த்தே பேசினாள்.

"சம்சண்ணே, மருந்து அறையிலருந்து என்னைய மாத்தி மூணு மாசமாச்சு. இப்பப் பெட்டி ஒட்டுற வேல. பின்னாடி இருந்தவளுகளுக்கு மருந்துல மூக்கு மரத்துப் போச்சு. எனக்கு இப்பத்தான் தெறந்துச்சு. அதான் எனக்கு மட்டும் தெரிஞ்சுது."

பெத்தணனுக்கு முகம் செத்துப்போயிற்று. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றான்.

அப்போதுதான் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மாத்துன அன்னைக்கே சொன்னேன். மூணு மாசமா எம்மேல வெறும் பசை வாடைதான். நீங்க தெனமும் வாசல்ல மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் நின்னீக."