மொட்டைத் தலையோடு ஏறிய மும்பை ரயில்

புதுசாக மழித்த மொட்டையில் ரயில் காற்று பட்டால் எப்படி இருக்கும் தெரியுமா?

சந்தனம் காயக் காயத் தோல் இழுக்கும். ஜன்னல் காற்று பட்டதும் சிலீரென்று காது வரைக்கும் இறங்கும். இருபத்து மூன்று வயதில், ரேணிகுண்டாவில் மும்பை ரயில் ஏறிய அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

புனேயில் முதல் வேலை. திங்கட்கிழமை ஜாயினிங். அம்மா எப்போதோ வேண்டுதல் வைத்துவிட்டிருக்கிறாள், எனக்கு வேலை கிடைத்தால் என் முடியைத் திருமலையில் கொடுப்பதாக. அவள் வேண்டுதலுக்கு என் முடி.

"தீபாவளி லீவுல வந்து குடுக்கறேம்மா" என்றேன்.

"மொதல் சம்பளம் கைல வர்றதுக்கு முன்னாடி குடுக்கணும்னு வேண்டிக்கினேன். சாமிகிட்ட லீவு கணக்கு சொல்லுவியா?"

நைனா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "முடி நாலு மாசத்துல மொளச்சுக்கும்மா. உங்கம்மா கோவம் அப்படி இல்ல. குடுத்துட்டு வண்டி ஏறு."

ஆக, எங்கள் ஊர் நகரியிலிருந்து திருமலை, திருமலையிலிருந்து நேராக ரேணிகுண்டா. கையில் ஒரு பெட்டி, ஒரு பை லட்டு, தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா...

உள்ளுக்குள் பயம். நம்ம ஊரில் மொட்டையடித்த பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். புனேயில் என்ன நினைப்பார்கள்? முதல் நாளே எல்லார் கண்ணிலும் பரிதாபத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்வது? இறங்கியதும் பூத்திலிருந்து உடம்பு சரியில்லை என்று போன் செய்து, ஜாயினிங்கைத் தள்ளிப்போடுவது என்று முடிவே செய்துவிட்டேன். தள்ளிப்போட்டால் அந்த வேலை இருக்குமா என்பது வேறு விஷயம். அவ்வளவு பயந்திருந்தேன்.

டி.டி.இ. வந்தார். என் அடையாள அட்டையில் இரட்டைப் பின்னல். அட்டையைப் பார்த்தார், துப்பட்டாவைப் பார்த்தார், ரயில் பெட்டி முழுக்க இருந்த சந்தன மொட்டைகளைப் பார்த்தார். "ஈ பண்டிலோ ஜுட்டு சூசி எவரினி பட்டுகோனு அம்மா" என்று சிரித்தார். இந்த வண்டியில் முடியை வைத்து யாரைத்தான் பிடிப்பது?

எதிர் சீட்டில் பத்மா. என் வயதுதான், புதுசாகக் கல்யாணம் ஆனவள். சோலாப்பூரில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவள், புருஷன், மாமியார், மூன்று பேருக்கும் மொட்டை. எங்கள் வீட்டிலும் தறிதான் என்றதும் நெருங்கி உட்கார்ந்துவிட்டாள். அவள் தெலுங்கில் மராத்தி கலந்திருந்தது, என் தெலுங்கில் தமிழ். கடப்பா தாண்டுவதற்குள் என் புளிசாதம் அவளிடமும் அவளுடைய வேர்க்கடலைச் சட்னி என்னிடமும் வந்துவிட்டன.

ஆனால் கடப்பாவில் நாலு மொட்டை இறங்கியது. குந்தக்கல்லில் பாதிப் பெட்டி காலி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நம்ம ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவது போல் இருந்தது எனக்கு. துப்பட்டாவை இன்னும் இறுக்கினேன்.

அடுத்து வந்த ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒரு அம்மாள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். துப்பட்டா விலகிய இடத்தில் என் தலை தெரிந்திருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு பத்மாவிடம் குனிந்து, மெதுவாக இந்தியில் கேட்டார், இந்தப் பெண்ணுக்கு என்ன வியாதி என்று.

எதற்குப் பயந்தேனோ, அது வந்தேவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பத்மா தன் தலையிலிருந்த முந்தானையை இழுத்துக் கீழே விட்டாள். தூங்கிக்கொண்டிருந்த புருஷன் தலையிலிருந்து போர்வையையும் இழுத்தாள். மாமியார் தானாகவே முக்காட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் அதே வியாதிதாங்க" என்றாள் பத்மா.

அந்த அம்மாள் முதலில் முழித்தார். பிறகு, "பாலாஜியா?" என்று கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கையை நீட்டினார், பிரசாதம் கேட்டு. லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வாசனைக்கு அடுத்த சீட்டுக்காரர்களும் வந்தார்கள். பை காலியானபோது துப்பட்டா என் தோளில் கிடந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

விடிவதற்கு முன்னால் சோலாப்பூர் வந்தது. பத்மா இறங்கிப் போய், ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு என் மொட்டையை ஒரு தடவை தடவிவிட்டுச் சிரித்தாள். போன் நம்பர் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்போது அவளிடமும் போன் கிடையாது, என்னிடமும் கிடையாது.

திங்கட்கிழமை மொட்டைத் தலையோடுதான் ஆபீஸுக்குள் போனேன். ஹெச்.ஆர். மேடம் கதவைச் சாத்திவிட்டு, "ஹெல்த் ஓகேயா?" என்று கேட்டார். திருப்பதியில் முடி கொடுத்தேன் மேடம் என்றேன். குரல் நடுங்கவில்லை. "லட்டு எங்கே?" என்றார். அதுதான் ரயிலிலேயே தீர்ந்துவிட்டதே...

பத்மா, நீ சோலாப்பூரில் எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. இன்று வரைக்கும் நான் சாப்பிடுகிற சோறு அந்த வேலையில் தொடங்கியது. உனக்கு நன்றி. அந்த ரயிலுக்கும்.

இப்போதெல்லாம் ஃப்ளைட்தான். ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஹைதராபாத், அங்கே மாறினால் புனே. குறை சொல்ல மாட்டேன். இந்த முதுகுவலிக்கு அதுதான் சரி.

போன மாதம் பக்கத்து சீட்டில் ஒரு பெண். தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள், ஓரத்தில் சந்தனம் தெரிந்தது. மடியில் ஆபீஸ் பை. போன் திரையில் முகத்தைப் பார்ப்பதும் தொப்பியைச் சரிசெய்வதுமாக இருந்தாள்.

பேச வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள். சரி, கழற்றட்டும் என்று இருந்தேன்.

அதற்குள் ஹைதராபாத் வந்துவிட்டது.