பானட்டில் மூன்று பட்டை

ராயபுரத்தில் பருப்பு மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. முதலாளி தெற்கத்திக் கிறிஸ்தவர். கார், கப்பலேறி ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கியது; வாங்கிய கையோடு புதிதாகக் கறுப்பு அடிக்கச் சொன்னார். அந்தக் கறுப்பின் மேல் அவருக்கு உயிர். எனக்கு முன் இருந்த டிரைவர் துறைமுக கேட்டில் மட்கார்டைக் கீறிக்கொண்டு வந்தார். அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முதலில் சொல்லப்பட்ட செய்தி அதுதான்.

ஆகவே வண்டி துடைப்பதில் நான் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். கரித்தூள் எந்நேரமும் வந்து படிகிற ஊர் அது. காய்ந்த துணியை வண்டி மேல் வைக்கவே மாட்டேன். முதலில் தண்ணீர் ஊற்றித் தூளை ஓடவிடுவேன். பிறகு ஈரத்துணி. கடைசியில் பழைய மல் வேட்டிக் கிழிசல். துணி ஒரு தரம் தரையில் விழுந்துவிட்டால் அப்புறம் அது சக்கரத்துக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு முதலாளி என்றுமே தடை சொன்னதில்லை. "உன் வண்டி, உன் பூஜை. எலுமிச்சம்பழத்தை மட்டும் கேட்டுக்கு வெளிய வச்சு வண்டிய ஏத்து" என்பார். அந்த வருஷமும் விபூதியைக் குழைத்து பானட்டின் முன்பக்கம் மூன்று பட்டை இழுத்தேன். மறுநாள் எனக்கு லீவு. வந்து கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனேன்.

முதலாளியின் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அதற்காக முதலாளியின் அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். லீவு முடிந்து நான் ஷெட்டைத் திறந்தபோது பானட்டில் விபூதி இல்லை. யாரோ துப்புரவாகத் துடைத்திருந்தார்கள். வண்டியை வெளியே எடுத்துக் காலை வெயிலில் நிறுத்தினேன்.

பட்டை இருந்த இடத்தில் மூன்று பட்டை இருந்தது. இப்போது அது விபூதி இல்லை, கீறல். சிலந்தி வலைபோல மெல்லிய சுழிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. சுற்றிலும் கறுப்பு கண்ணாடியாக மின்ன, இந்த மூன்று மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன. வண்டியை நிழலுக்குத் தள்ளினேன், மறைந்தன. வெயிலுக்குத் தள்ளினேன், வந்துவிட்டன.

"என்ன டிரைவரே, அப்படிப் பாக்கீரு?" பின்னால் முதலாளியின் அக்கா நின்றிருந்தார். "நான்தான் அழிச்சேன். கல்யாண வண்டியில்லா."

"எதை வச்சும்மா தேய்ச்சீங்க?"

"அடுப்புச் சாம்பல்தான். வெண்கலப் பானையெல்லாம் அதுலதான தேய்க்கோம்."

"இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் பாருங்கம்மா."

வெயில் பக்கமாக வந்து பார்த்தார். "பட்டை போகலியே" என்றார் மெதுவாக.

"பட்டை போயிடுச்சும்மா. நீங்க தேய்ச்சதுதான் போகல."

அவர் முகம் மாறிவிட்டது. "மாப்ள வீட்டுல ரொம்பக் கண்டிப்புக்காரங்க. மாதா கோயில் வாசல்ல இதைப் பாத்தா என்ன பேச்சுப் பேசுவாங்களோ. தம்பிகிட்ட சொல்லிராதேயும்."

சொல்லாவிட்டால், துடைக்கிற துணி யார் கையில் இருக்கிறது என்று முதலாளி கேட்பார். சொன்னால், அவருடைய அக்காவையே நான் காட்டிக்கொடுத்ததாக ஆகும். எப்படிப் பார்த்தாலும் சாவி என் கையை விட்டுப் போகிற மாதிரிதான் தெரிந்தது. முதலாளி ஏறுகிற, இறங்குகிற இடத்திலெல்லாம் வண்டியை நிழலில் நிறுத்தினேன்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் பெயிண்ட் ஷாப் வைத்திருந்தவன் எனக்குத் தோஸ்து. முதலாளியை மண்டியில் இறக்கிவிட்டு வண்டியை நேராக அங்கே கொண்டுபோனேன்.

"இன்னா நைனா, வண்டிக்குப் பட்டையெல்லாம் போட்டு இட்டாந்துகீறே. பழனிக்கா போவுது?"

"வெளையாடாதப்பா. வேலை போயிடும்."

அவன் நகத்தைக் கீறல்களின் குறுக்கே ஓட்டிப் பார்த்தான். "நகம் மாட்டல. மேலாப்புலதான் கீது. புச்சா அடிச்சா காய நாளாவும், கல்யாணத்துக்கு ஆவாது. கையாலயே தேச்சு எடு." ஒரு சிகரெட் டப்பாவில் பாதி அளவு, பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றுகிற காம்பவுண்ட் போட்டுக் கொடுத்தான். விரலில் எடுத்தால் மைய அரைத்த விழுது மாதிரி, உள்ளே நறநறவென்று இருந்தது. "வட்டமா தேய்க்காத, மறுபடி சுழி வுயும். நீட்டா போ. துணியில கறுப்பு வரும், பேஜாராவாத, அது பெயிண்டுதான்."

"பெயிண்டா?"

"பின்ன? பள்ளத்தத் தூக்க முடியுமா? சுத்தி கீற மேட்டத்தான் எறக்கணும். அடிப் பட்டை மட்டும் பானட்டு மடிப்பு மேல கீது, பாத்துக்க. மடிப்புல பெயிண்டு மெலிசு. அங்க அயுத்தாத."

அன்று முதல் மத்தியான வேளையில் ஷெட்டில் தேய்த்தேன். ஈரத்துணியில் துளி காம்பவுண்ட், ஒரே திசையில் நீட்டமாக. அவன் சொன்னபடி துணி கறுத்தது. சொல்லியிருந்தும் ஒவ்வொரு முறை துணியைத் திருப்பும்போதும் பகீரென்றது. இருக்கிற கறுப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. துணிக்கு வந்தது எவ்வளவு என்று மட்டும் தெரிந்தது. கொஞ்சம் தேய்ப்பேன், கழுவுவேன், வெயிலுக்குத் தள்ளிப் பார்ப்பேன், மறுபடி உள்ளே தள்ளுவேன்.

முதலாளியின் அக்கா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "சும்மா இருக்க முடியல. எனக்கும் ஒரு துணி தாரும்." வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நீட்டமாகத் தேய்க்கச் சொன்னேன், மடிப்பைக் காட்டி அங்கே கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். நன்றாகத்தான் தேய்த்தார். மேல் பட்டை போனது. அடுத்த நாள் நடுப்பட்டையும் போனது. அன்று இரண்டு வாய் சோறு இறங்கியது எனக்கு.

அடிப் பட்டைதான் பாக்கி. மடிப்புக்கு மேலும் கீழும் நானே விரல் நுனியால் எடுத்துவிட்டேன். மடிப்பில் மட்டும் மங்கலாகக் கொஞ்சம் நின்றது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று தீர்மானித்துத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் குரல் வந்தது.

"டிரைவரே, துணியில செவப்பு வருது. கறுப்புதான வரும்னு சொன்னீரு?"

வாளியை வைத்துவிட்டு ஓடினேன். மடிப்பின் நடுவில், கட்டைவிரல் அளவுக்கு, அடியில் பூசியிருந்த சிவப்பு எட்டிப் பார்த்தது. அந்த அம்மா பானை தேய்க்கிற அழுத்தத்தில் தேய்த்திருந்தார்.

"பட்டையை எடுத்துட்டுப் பொட்டு வச்சிட்டோம்மா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விடிந்தால் கல்யாணம். செய்ய முடிந்தது ஒன்றுதான். காலையில் பூட்ஸ் பாலிஷ் டப்பாவை எடுத்து அந்தச் சிவப்பின் மேல் கறுப்பைத் தடவினேன். பார்வைக்குச் சரியாக இருந்தது. ஆனால் அது காயாது. வெயில் பட்டால் இன்னும் இளகும். வெள்ளையாக எது உரசினாலும் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பெண்ணோ தலை முதல் கால் வரை வெள்ளை.

கோயில் வாசலில் நிழலே இல்லை. உள்ளே பாட்டு நடந்த நேரமெல்லாம் நான் பானட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணப் பூஜை முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்தார்கள். போட்டோக்காரர் அவர்களை நேராகக் கார் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கடல் காற்றில் பெண்ணின் முக்காட்டு வலை தூக்கித் தூக்கிப் பானட் பக்கமாக வந்தது. நான் பிடித்திருந்த கதவை விட்டுவிட்டுப் போவதா, என்ன சொல்லிக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் முதலாளியின் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மடிப்பின் மேல் இடுப்பைச் சாய்த்து நின்றுவிட்டார்.

"பாட்டிம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் போட்டோக்காரர்.

"நான் அத்தை. பொண்ணு பக்கத்துல அத்தை நின்னா உமக்கு என்ன? எடும்."

எடுத்தார். அந்த அம்மா நகர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சேலையில், இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. முதலாளி அதைப் பார்த்தார். பிறகு பானட்டைப் பார்த்தார். ஒரு விரலை வைத்து இழுத்தார். சிவப்பு தெரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அவரைப் பாக்காத தம்பி. சாம்பல் போட்டுத் தேச்சது நான். செவப்பு வந்ததும் என் கைலதான். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு." சம்பந்தி வீட்டார் கேட்கும் தூரத்தில் நின்றார்கள், அந்த அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

முதலாளி கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். குனிந்து, தேய்த்த இடம் முழுவதையும் வெயிலுக்குச் சாய்வாக ஒரு முறை பார்த்தார்.

"சம்பந்தி வீட்டாரை நாளைக்குக் காலையில எழும்பூர்ல ரயிலேத்தணும்" என்றார். "வண்டியை நேரத்தோட எடுத்துட்டு வா."

"சரிங்க" என்றேன். குரல் எழும்பவில்லை போலிருக்கிறது, அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.